விதைநெல்லில் உலை

வனத்துறையில் நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. மரப்பட்டையைத் தடவிப் பார்த்து மரத்தின் பெயரைச் சொல்லும் ஞானமும் எனக்குக் கிடையாது. முப்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஒரு நிறுவனம் என்ன செய்யப்போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா, அதன் கொள்கை அறிக்கையை மூடிவைத்துவிட்டுக் கணக்குத் தலைப்புகளைப் பார் என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. எந்த நாட்டுக் காடு எரிந்தாலும் செய்தியைப் படித்த கையோடு அந்த நாட்டு வரவுசெலவுத் திட்டத்தைத் தேடிப் போகிறேன்.

முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் கூரைப் பராமரிப்புக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குவார்கள். ஆண்டுதோறும் ஏதாவதோர் அவசரம் வந்து நிற்கும், அந்தத் தொகை வேறு தலைப்புக்கு மாறிவிடும். மாற்றல் குறிப்பை எழுதியவன் நான்தான். ‘இவ்வாண்டு இன்றியமையாததாக இல்லாத பணி’ என்று மூன்று ஆண்டுகள் ஒரே வாசகத்தை எழுதினேன். நான்காம் ஆண்டு மழையில் ஆவண அறைக்குள் தண்ணீர் இறங்கியது. கூரையைப் பிரித்துப் புதிதாகப் போடவும், ஈரக் கோப்புகளை உலர்த்தவும் கேட்ட பணம் ஒரே வாரத்தில் வந்தது. பராமரிப்புத் தொகையைப் போலப் பல மடங்கு. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

2015 ஆகஸ்டில் அமெரிக்க வனத்துறை வெளியிட்ட ஒரு சிறிய அறிக்கையைப் படித்தபோது அந்த ஈரக் கோப்புகளின் வாடைதான் நினைவுக்கு வந்தது. 1995-ல் துறையின் ஆண்டு நிதியில் தீ தொடர்பான செலவு 16 விழுக்காடு. 2015-ல் அது பாதியைத் தாண்டிவிட்டது. இப்படியே போனால் 2025-ல் மூன்றில் இரண்டு பங்கை நெருப்பே எடுத்துக்கொள்ளும் என்று துறையே கணித்திருந்தது. ஆள் கணக்கு இன்னும் தெளிவானது. 1998-ல் காட்டைப் பேணும் பணியில் ஏறத்தாழ 18,000 பேர், தீப் பணியில் 5,700 பேர். 2015-ல் முதல் எண் 11,000-க்குக் கீழே இறங்கியது, இரண்டாவது 12,000-ஐத் தாண்டியது. 19 கோடி ஏக்கருக்கு மேல் காட்டையும் புல்வெளியையும் கையில் வைத்திருக்கும் ஒரு துறை, இருபதே ஆண்டுகளில் தீயணைப்புத் துறையாக மாறிவிட்டது. அப்படி மாற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கணக்குத் தலைப்புகள் சொல்லாமல் செய்துவிட்டன.

எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே இங்குதான் இருக்கிறது. தீயணைப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குவது? கடந்த பத்து ஆண்டுச் செலவின் சராசரியை ஒதுக்குவது என்று வைத்திருந்தார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் தீ ஆண்டுக்கு ஆண்டு பெருகும்போது சராசரி எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் வரும். சராசரி உயர உயர, மொத்த நிதி உயராத நிலையில், மற்றத் தலைப்புகள் சுருங்கும். இது முதல் அடி. இரண்டாவது அடி கோடையில் விழும். ஒதுக்கிய பணம் ஆகஸ்டில் தீர்ந்துபோகும், நெருப்பு தீராது. உடனே மற்றத் தலைப்புகளில் மிச்சமிருக்கும் பணத்தை வழித்தெடுத்துத் தீக்குக் கொடுப்பார்கள். அந்த ஊர் அதிகாரிகள் இதைத் தீக்கடன் என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். 2013-ல் மட்டும் இப்படி எடுத்த தொகை 50 கோடி டாலருக்கு மேல். எதிலிருந்து எடுத்தார்கள்? சருகும் சுள்ளியும் புதரும் அகற்றி அடுத்த தீயை மட்டுப்படுத்த வைத்திருந்த பணமும் அதில் சேர்த்தி.

விதைநெல்லை எடுத்து உலையில் போடுவது என்று நம்மில் சொல்வோமே, அதுதான் இது. பசி உண்மையானது, அதை யாரும் மறுக்க முடியாது. வீடுகளை நோக்கித் தீ வரும்போது ‘இது வேறு தலைப்புப் பணம்’ என்று சொல்லிக்கொண்டு கைகட்டி நிற்க எந்தக் கணக்கனாலும் முடியாது. எடுத்த பணத்தைப் பின்னால் துணை ஒதுக்கீட்டில் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் காட்டுப் பணிக்குப் பருவம் உண்டு. அந்த நாட்டின் நிதியாண்டு செப்டம்பர் 30-ல் முடிகிறது. தீ உச்சத்தில் இருக்கும் அதே வாரங்களில்தான் ஒப்பந்தங்கள் முடிவாக வேண்டும், சருகையும் புதரையும் திட்டமிட்டு எரிக்கும் இலையுதிர் காலப் பணிக்கு ஆட்களைத் திரட்ட வேண்டும். பணம் டிசம்பரில் திரும்பி வந்தால் அதை வைத்துக்கொண்டு பனியில் என்ன செய்வது?

இந்த வழக்கம் நேற்றுத் தோன்றியதல்ல. 1908-லேயே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. தீ அவசரம் என்றால் வனத்துறை கையிலிருக்கும் எந்தப் பணத்தையும் செலவழிக்கலாம், பின்னால் நாங்கள் ஈடுசெய்கிறோம் என்பது அதன் சாரம். காசோலையில் தொகையை எழுதாமல் கையெழுத்திட்டுக் கொடுத்தது போல. இரண்டே ஆண்டில், 1910 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில், ஐடஹோவிலும் மான்டனாவிலும் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். அந்த அதிர்ச்சியில் வளர்ந்த தலைமுறைதான் 1935-ல் புகழ்பெற்ற அந்த உத்தரவைப் போட்டது: எந்தத் தீ தென்பட்டாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கிவிட வேண்டும். வெற்றுக் காசோலை இல்லாமல் அப்படியோர் உத்தரவை யாரும் கனவிலும் போட்டிருக்க முடியாது. 1978-ல் வெற்றுக் காசோலை முறையும் காலைப் பத்து மணி விதியும் ஒன்றாகவே கைவிடப்பட்டதைப் பார்த்தால், எதில் எது தொங்கிக்கொண்டிருந்தது என்று தெரிகிறது.

மானியத்தின் வேலையும் இதில் உண்டு. 1911-லும் 1924-லும் வந்த சட்டங்கள் மாநிலங்களுக்கு இணை நிதி கொடுத்தன. தீத்தடுப்பு அமைப்பை ஏற்படுத்து, நாங்களும் பங்கு போடுகிறோம் என்றன. தென் மாநிலங்களில் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பைன் காட்டின் தரைக்கு மெல்லிய தீ வைத்து வந்தவர்கள். அங்குள்ள நீள் ஊசியிலைப் பைன் அந்தத் தீயை நம்பி வாழும் மரம். புல்லும் சருகும் எரிந்து மண் தெரிந்தால்தான் அதன் விதை மண்ணில் வேர் பிடிக்கும். ஆனால் மானியத்தின் நிபந்தனைப் பட்டியலில் ‘நல்ல தீ’ என்றொரு வரி இல்லை. எரிப்பவன் குற்றவாளியானான். 1943-ல்தான் அந்தப் பைன் காடுகளில் திட்டமிட்டு எரிக்க வனத்துறை இசைந்தது. பணம் தருகிறவன் தன் அறியாமையையும் சேர்த்தே அனுப்புகிறான் என்று அந்தப் பெரியவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

தீக்கடன் தொல்லை ஒருவழியாக 2018-ல் சட்டத்தால் தீர்க்கப்பட்டது. இதற்கு நடுவே, 2009-ல், ஒரு சேமநிதி அமைத்துப் பார்த்தார்கள், சில ஆண்டுகளிலேயே அது போதாமல் போய்க் கடன் திரும்பி வந்தது. 2017-ல் வனத்துறையின் தீயணைப்புச் செலவு மட்டும் 240 கோடி டாலரைத் தொட்ட பிறகுதான் எல்லோருக்கும் வேகம் வந்தது. புதிய ஏற்பாடு இது: துறையின் வழக்கமான நிதியில் தீயணைப்புக்கு 2015-ம் ஆண்டின் அளவான ஏறத்தாழ 101 கோடி டாலரோடு நிறுத்திக்கொள்வது. அதற்கு மேல் போனால், பொது உச்சவரம்புக்கு வெளியே தனிப் பெட்டி. அந்தப் பெட்டியில் 2020-ல் 225 கோடி, படிப்படியாக ஏறி 2027-ல் 295 கோடி டாலர்.

நல்ல ஏற்பாடு. களஞ்சியத்துக்குப் பூட்டுப் போட்டாயிற்று. ஆனால் பூட்டுப் போட்ட பிறகு உள்ளே எட்டிப் பார்த்தால் நெல் எங்கே? முந்தைய இருபது ஆண்டுகளில் கலைந்துபோன காட்டுப் பணியாளர்களை அந்தச் சட்டம் திருப்பிக் கொண்டுவரவில்லை. 2022 ஜனவரியில் துறை ஒரு பெருந்திட்டத்தை அறிவித்தது. பத்து ஆண்டுகளில் தேசியக் காடுகளில் கூடுதலாக 2 கோடி ஏக்கர் வரையிலும், மற்ற நிலங்களில் 3 கோடி ஏக்கர் வரையிலும் புதர் நீக்கம், மரம் கலைத்தல் (நெருக்கமாக நிற்கும் மரங்களில் சிலவற்றை வெட்டி எடுப்பது), திட்டமிட்ட எரிப்பு. 2024 செப்டம்பரில் அதே துறை, நிதிப் பற்றாக்குறையால் அடுத்த நிதியாண்டில் பருவகாலப் பணியாளர்களை எடுக்கப்போவதில்லை என்றது, தீயணைப்பவர்கள் நீங்கலாக. அந்த ‘நீங்கலாக’ என்ற சொல்லை நான் இரண்டு முறை படித்தேன்.

தீயணைப்பவர்களுக்காவது வாழ்வு வந்ததா என்றால், அதுவும் இல்லை. நெருப்புக்குள் இறங்கும் கூட்டாட்சிப் பணியாளர்களின் பதவிப் பெயரே நெடுங்காலம் ‘வனவியல் தொழில்நுட்ப உதவியாளர்’ என்பதுதான். தற்காலிகப் பருவகால ஆட்களுக்கு ஆண்டில் 1,039 மணி நேரம் என்று அடிப்படை வேலைக்கு ஒரு வரம்பு. அதைத் தாண்டினால் சலுகைகள் பற்றிய கேள்வி எழும், ஆகவே தாண்டவிடக் கூடாது. இவ்வளவு துல்லியமாக ஓர் எண்ணைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் என் இனத்தைச் சேர்ந்தவர். 2021-ல் தற்காலிகமாக ஏற்றிய ஊதியம் 2025-ல்தான் நிரந்தரமானது.

இவர்கள் ஊதியத்துக்குத் தடுமாறிய அரசுகள் விமானத்துக்குத் தடுமாறுவதில்லை. காட்டுத்தீயில் பெரும்பாலானவை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல், சிறியதாக இருக்கும்போதே அணைக்கப்பட்டுவிடுகின்றன. தப்பிப் பெருகும் சிலவே செலவின் பெரும்பங்கை விழுங்குகின்றன. காற்று தூக்கி அடிக்கும் பெருந்தீயின் மேல் விமானத்திலிருந்து தண்ணீரும் தீயடக்கும் இரசாயனமும் கொட்டுவதால் பயன் மிகக் குறைவு என்று களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அமெரிக்கத் தீயணைப்பாளர்கள் அப்படிக் கொட்டுவதற்கு ஒரு செய்தித் தொலைக்காட்சியின் பெயரையே வைத்துக் கேலி செய்கிறார்கள். ஆனாலும் விமானம் வர வேண்டும். வராவிட்டால் அமைச்சர் எங்கே போனார் என்று கேட்போம்.

நாம்தான் கேட்போம், ஆகவே அரசியல்வாதியை மட்டும் திட்டிப் பயனில்லை. ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இரு ஆய்வாளர்கள் 2009-ல் அமெரிக்கத் தேர்தல் முடிவுகளையும் பேரிடர்ச் செலவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நிவாரணம் கொடுத்த ஆட்சிக்கு மக்கள் வாக்களித்தார்கள். முன்னேற்பாட்டுக்குச் செலவழித்த ஆட்சிக்கு அப்படி ஒரு பலனும் இல்லை. முன்னேற்பாட்டில் போட்ட ஒரு டாலர், பின்னால் வரும் சேதத்தில் ஏறத்தாழ 15 டாலரை மிச்சப்படுத்தியது என்றும் அவர்களே கணக்கிட்டார்கள். பேரிடர்கள் அனைத்துக்குமான கணக்கு இது, காட்டுத்தீக்கு மட்டுமானதல்ல. இருந்தாலும் என் கூரைக் குறிப்புக்கு அப்படியே பொருந்துகிறது.

இதில் தனி மனிதர் கணக்கும் ஒன்று உண்டு. 2022 ஏப்ரலில் நியூ மெக்சிகோவில் வனத்துறை திட்டமிட்டு வைத்த தீ ஒன்று எல்லை மீறியது. அதற்கு முன்பே ஜனவரியில் எரித்த குவியல்களில் ஒன்று பனிக்கடியில் மூன்று மாதம் கனன்றுகொண்டிருந்து வெளியே வந்தது. இரண்டும் சேர்ந்து 3,41,000 ஏக்கரை எரித்தன. இழப்பீட்டுக்கு நாடாளுமன்றம் மொத்தம் 545 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது, நாடு முழுவதும் திட்டமிட்ட எரிப்பு 90 நாள் நிறுத்திவைக்கப்பட்டது. வீடிழந்தவர்களின் கோபத்தில் முழு நியாயம் உண்டு. ஆனால் அடுத்த கோப்பில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். எரித்துத் தவறினால் விசாரணை. எரிக்காமல் விட்டு, பத்து ஆண்டு கழித்து மின்னல் வந்து எரித்தால் அது இயற்கைச் சீற்றம். எரிக்காமல் விட்டதற்காக விசாரிக்கப்பட்ட ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022 பிப்ரவரியில் ஒரு சூத்திரத்தை முன்வைத்தது: தீ நிதியில் மூன்றில் இரண்டு பங்கு திட்டமிடல், தடுப்பு, ஆயத்தம், மீட்புக்கு, மீதி மூன்றில் ஒரு பங்கு அணைப்புக்கு. அப்போதைய நிலையில் பாதிக்கு மேல் அணைப்புக்கே போகிறது, திட்டமிடலுக்கு ஒரு விழுக்காடுகூட இல்லை என்றது. திசை சரிதான். ஆனால் விழுக்காட்டுச் சூத்திரத்தைக் கண்டால் எனக்கு உள்ளூர ஓர் ஐயம் வருகிறது. புதிதாக வாங்கும் தீயணைப்பு வண்டியை ‘ஆயத்தம்’ என்ற தலைப்பில் எழுத எனக்கு அரை மணி நேரம் போதும்.

தலைப்பை மாற்றினால் போதாது, அளவுகோலும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் சாட்சி. 2009 பிப்ரவரி 7-ல் அங்கே 173 பேர் தீயில் மாண்டார்கள். விசாரித்த ஆணையம், பொது நிலத்தில் ஆண்டுக்கு 5 விழுக்காடாவது திட்டமிட்டு எரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு ஏற்றுக்கொண்டு பணமும் கொடுத்தது. பிறகு நடந்ததை எந்த அலுவலக ஊழியரும் ஊகிக்கலாம். ஊருக்கு அருகில் எரிப்பது கடினம். வீடுகள், புகை, புகார், காற்று திரும்பினால் ஆபத்து, ஆகவே ஹெக்டேருக்கு ஆகும் செலவும் அதிகம். ஆளில்லாத தொலைதூரப் புதர்க்காட்டில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் எரிக்கலாம், இலக்கும் நிறைவேறும், ஊரின் ஆபத்து மட்டும் அப்படியே இருக்கும். சில ஆண்டுகளில் அரசே அந்த இலக்கைக் கைவிட்டு, எவ்வளவு பரப்பு எரித்தோம் என்பதற்குப் பதில் எவ்வளவு ஆபத்து குறைந்தது என்று கணக்கிடும் முறைக்கு மாறியது.

கிரேக்கத்தின் கதை வேறு மாதிரி. 1998-ல் காட்டுத்தீ அணைக்கும் பொறுப்பை வனத்துறையிடமிருந்து எடுத்துத் தீயணைப்புப் படையிடம் ஒப்படைத்தார்கள். பொறுப்போடு பணமும் வண்டிகளும் போய்விட்டன. தடுப்பு மட்டும் வனத்துறையிடம் தங்கியது, கையில் காசில்லாமல். 2018-ல் ஏதென்ஸுக்கு அருகிலுள்ள மாட்டி என்ற ஊரில் தீயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அமைத்த நிபுணர் குழு இந்தப் பிளவைத்தான் முதலில் சுட்டிக்காட்டியது. போர்ச்சுகல் 2017-ல் இதைவிடக் கடுமையாக அடிபட்டது. ஜூனிலும் அக்டோபரிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள், 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நிலம். அடுத்த ஆண்டே தீ விவகாரம் முழுவதையும் ஒருங்கிணைக்க ஒரு முகமையை அமைத்து, அதைப் பிரதமர் அலுவலகத்தின் கீழ் வைத்தார்கள். எந்தத் துறையும் இன்னொரு துறையின் பணத்தைப் பார்த்துப் பொருமாமல் இருக்க அதுதான் வழி. 2017-ல் மொத்தத் தீச் செலவில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த தடுப்புச் செலவு சில ஆண்டுகளில் பாதியை எட்டியது. இவ்வளவுக்கும் அங்கே காட்டில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் அரசுடையது. மற்றதெல்லாம் துண்டு துண்டான தனியார் நிலம். உரிமையாளர் எப்போதோ நகரத்துக்குப் போய்விட்டார், யூகலிப்டஸ் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. ஊரில் இல்லாதவரின் நிலத்தில் புதர் வெட்டப் பொதுப் பணத்தைப் போடலாமா என்பது லேசான கேள்வியல்ல. போடாவிட்டால் எரிவது அண்டைவீட்டார்.

பிரான்சின் லாந்து பகுதி இந்தக் கேள்விக்கு வெகு காலம் முன்பே ஒரு விடை கண்டது. அங்கேயும் பைன் காடு பெரும்பாலும் தனியாருடையது. 1945-ல் வந்த ஆணைப்படி உரிமையாளர்கள் தீத்தடுப்புச் சங்கத்தில் கட்டாயம் சேர்ந்து, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று வரி கட்ட வேண்டும். நான்கே ஆண்டில், 1949 ஆகஸ்டில், 82 பேரைப் பலிகொண்ட பெருந்தீ வந்து, அந்த ஆணையின் தேவையை உணர்த்தியது. அந்த வரியில்தான் காட்டுப் பாதைகளும் வடிகால்களும் நீர்நிலைகளும் ஆண்டுதோறும் பராமரிக்கப்படுகின்றன. 2022-ல் அந்தப் பக்கமே பெருந்தீ வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. வரி கட்டினால் தீ வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கொலராடோவில் டென்வர் நகரக் குடிநீர் வாரியம் இதைக் கசப்பாகக் கற்றுக்கொண்டது. 1996-லும் 2002-லும் அதன் நீர்ப்பிடிப்புக் காடுகள் எரிந்தன. எரிந்த மலையின் மண் மழையோடு இறங்கி நீர்த்தேக்கத்தை நிரப்பியது. வண்டல் வாரவும் சீர்செய்யவும் 2.7 கோடி டாலருக்கு மேல் ஆயிற்று. 2010-ல் வாரியமும் வனத்துறையும் ஆளுக்கு 1.65 கோடி டாலர் போட்டு, எரியாத மலைகளில் மரம் கலைக்கத் தொடங்கினார்கள். குழாயைத் திறப்பவர் கட்டும் கட்டணத்தில் ஒரு துளி காட்டுக்குப் போகிறது. பொது நிதியைவிட இந்தப் பணம் நிலையானது, ஏனென்றால் கொடுப்பவருக்கு எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியும். ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னம் நிலத்தில் 2006 முதல், வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே பூர்வகுடிக் காவலர்கள் சிறு சிறு தீ வைக்கிறார்கள். பருவத்தின் கடைசியில் வரும் பெருந்தீ குறைகிறது, அதனால் குறையும் வாயு உமிழ்வைக் கணக்கிட்டு ஓர் எரிவாயு நிறுவனம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தது. பிறகு அரசின் கார்பன் திட்டங்களே இந்த முறையை ஏற்றுக்கொண்டன. தீ வைப்பதற்குச் சம்பளம். 1924-ன் மானியக்காரர்கள் இதைக் கேட்டால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்பெயினின் அண்டலூசியா. அங்கே மாநில அரசு நூற்றுக்கும் மேற்பட்ட மேய்ப்பர்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. தீ தாண்டாமல் இருக்கக் காட்டுக்குள் மரமும் புதரும் நீக்கி வைத்த தீத்தடுப்புக் கோடுகளில் ஆடுமாடுகளை மேய்க்க வேண்டும். புல் மறுபடி முளைத்துத் தீக்கு விரிப்பாகாமல் பார்த்துக்கொள்வது மந்தையின் பொறுப்பு. சரிவு எவ்வளவு, புதர் எவ்வளவு, பட்டியிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து ஹெக்டேருக்கான தொகையைத் தீர்மானிக்கிறார்கள். பருவம் முடியும்போது ஆய்வாளர் ஒருவர் நேரில் நடந்துபோய், புல்லும் புதரும் எந்த அளவுக்குக் கடிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்துக் குறிக்கிறார். சரியாக மேய்ந்திருந்தால் முழுத் தொகை, அரைகுறையாக மேய்ந்திருந்தால் அதற்கேற்பக் குறைவு, மேயாவிட்டால் ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுகளில் எத்தனையோ செலவுச் சீட்டுகளைச் சரிபார்த்திருக்கிறேன். ஆட்டின் பல்தடத்தைப் பார்த்துப் பட்டியலுக்கு ஒப்புதல் கொடுக்கும் வாய்ப்பு மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை.